வழிநடையும் வழித்துணையும்



ஓர் ஊரின் பெருமையை அறிய அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது நம் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பெருமை நிரம்ப உண்டு. பதினொரு நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்ட அதன் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். நான் இன்று உங்கள் பார்வையைச் சற்றே கீழே இறக்கி, அக்கோபுரத்தை நோக்கி நடந்து வந்த கால்களின்பால் திருப்ப விரும்புகிறேன். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதை வந்தது 1927-இல்தான். அதற்கு முன் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையாள நாடு செல்வோரிற் பெரும்பாலோர் நடந்தே சென்றனர். அவர்கள் எவ்வாறு இடரின்றிச் சென்றனர்?

நடப்பவனுக்கு முதலில் வேண்டுவது நிழல். மதுரையை 1689 முதல் ஏறக்குறைய 1706 வரை மகனின் மகனுக்காக ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்து, இருமருங்கும் மரம் நட்டு, சத்திரங்கள் கட்டியவள் என்று புகழ் பெற்றாள். தென்பாண்டி நாட்டில் பல வழிகள் இன்றும் மங்கம்மாள் சாலை என்றே வழங்குகின்றன. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே அவள் பெயரால் சத்திரம் நிற்கிறது. அவளுக்கு முன் ஆண்ட திருமலை நாயக்கர் (1623–1659) ஆண்டாளின் பூசை முடிந்த செய்தி கேட்ட பின்னரே உணவு கொள்வாராம். அதற்காக மதுரை வரை மண்டபங்கள் கட்டி மணியோசையை அஞ்சல் செய்வித்தாராம். இது செவிவழிச் செய்தியே. மன்னர் செவிக்கு மணி எட்டியதோ இல்லையோ, வழியில் ஒரு கல்மண்டபம் இருந்தால் வெயிலில் வந்தவனுக்கு அது நிழல் தந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். இரு கற்களை நாட்டி, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவன் பிறர் கைகொடுக்காமலே அதன்மேல் சுமையைத் தள்ளிவிடலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் உறவினர் இதனை நாட்டுவது மரபு. இறக்கி வைக்க முடியாமற் போன சுமைக்காக, ஊரார் சுமையை இறக்க ஓரிடம்! இதனினும் உருக்கமான நினைவுச் சின்னத்தை நான் அறியேன்.

மூன்றாவது, தொலைவு தெரிவது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவற்றாவளம் 29 காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு, இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் இட்டிருக்கிறார்கள். பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து. எழுதப் படிக்கத் தெரியாதவனும், இருளில் வருபவனும் விரலால் தடவி அறிந்துகொள்ளலாம் அல்லவா?

நான்காவது, கள்வர் பயம் இன்மை. பாளையங்களில் காவல் என்னும் முறை இருந்தது. காவற்காரர் குடிகளிடம் வரி பெற்றனர். தம் எல்லையில் பொருள் களவு போனால் மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டனர். 1801-இல் கருநாடக ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றபின் இம்முறை படிப்படியாக மறைந்தது. காவற்காரரே கள்வரோடு கூடிய கதைகளும் உண்டு. ஆயினும் வழியில் நேரும் இழப்புக்கு ஒருவர் பொறுப்பு என்ற கருத்து கவனிக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் சொல்லிப் பழங்காலம் பொற்காலம் என்று முடித்துவிடலாகாது. நிழலும் நீரும் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. சத்திரத்துத் திண்ணையிலும் கோயில் வீதியிலும் பிறப்பு பார்த்து விலக்கிய கொடுமை இருந்தது. வைக்கத்தில் 1924–25-இல் நடந்த போராட்டம், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. பெரியார் ஈ.வெ.ரா. அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். தெருவில் நடப்பதற்கே சிறை செல்ல வேண்டியிருந்தது என்பதை இளைஞர் மறக்கலாகாது.

இன்று விலக்குவது வேறொன்று. நிழல் தந்த மரங்கள் சாலை அகலமாக வேண்டி வீழ்ந்தன. நடப்பவனுக்குரிய ஓரத்தைக் கடைகளும் நிறுத்திய வண்டிகளும் கொண்டன. தேர் உருள்வதற்காக அகலமாக விட்ட வீதியிலும், ஆடிப்பூரத் திருவிழா நாட்கள் நீங்கலாக, நடப்பவன் ஒதுங்கியே செல்கிறான். 2025-இல் நம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறியது. வைக்கத்துத் தெருவில் கேட்ட கேள்விக்கு அது மற்றொரு விடை எனலாம்.

மாணவர்களே, நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாகச் செல்லுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். இரவில் வெளிர்நிற உடை உடுத்துங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். நீர் எடுத்துச் செல்லுங்கள். இவை உங்களைக் காக்கும். பிறரைக் காப்பதற்கு, நடைபாதையில் வண்டியை நிறுத்தாதிருங்கள். வீட்டு வாசலில் ஒரு மரம் வையுங்கள். கோடையில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். சுமைதாங்கி நாட்டியவர்கள் அரசர்கள் அல்லர், நம்மைப்போன்ற குடும்பத்தார்தாம்.