பழைய கொம்பியூட்டரும் மலிவான சவுண்ட் கார்டும்: ஒரு சிறு வரலாறு

 

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட வேண்டுமென்றால், இன்டெல் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ரொசெசராவது இருக்க வேண்டும். இதனால் நமது வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கொம்பியூட்டர்கள் ஒரே நாளில் "பழசு" ஆகிவிட்டன. அவற்றை இரும்புக் கடைக்குப் போட மனமில்லை. உரிமமில்லாத பிரதியைப் போட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவும் மனமில்லை. ஆகவே நாங்கள் சில ஆசிரியர்கள் அவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து வருகிறோம்.

லினக்ஸ் போட்டவுடன் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், மைக் சரியில்லை. விலை குறைந்த சவுண்ட் கார்ட் எது வாங்கலாம்?"

இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் முப்பது வருட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் கடையில் சொல்வதை நாமே எடைபோட்டுப் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

*

முதலில், சத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நமது பிள்ளைகளில் பலருக்குப் பாடம் என்பது வட்ஸ்அப்பில் வந்த ஆசிரியரின் குரல்தான். மத்திய மலைநாட்டில் தமிழ் மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்களுக்குப் புரியும் தமிழில் பதிவு செய்யப்பட்ட பாடங்கள் இன்றும் குறைவு. அவற்றை நாமே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கண் பார்வை இல்லாத பிள்ளைக்கோ சத்தம்தான் திரை. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஓர்கா என்ற திரைவாசிப்பானும், தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கக்கூடிய ஈஸ்பீக் மென்பொருளும் சேர்ந்து அந்தத் திரையை வாசித்துக் காட்டும். சவுண்ட் கார்ட் வேலை செய்யாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கொம்பியூட்டரே இல்லை.

கையில் கிடைத்ததை வைத்து சத்தத்தை உருவாக்குவது நமது நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1923இல் தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய முதல் வானொலிப் பரிசோதனைக்கு, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைப் பயன்படுத்தித்தான் ஒலிபரப்பி செய்யப்பட்டது. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பிற்காலத்து ரேடியோ சிலோனின் வேர் அதுதான். 1990களின் இறுதியில், கம்பளைக்கு அப்பால் உள்ள கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் உதவியோடு இணையத்தில் தகவல்களைத் தேடி, கிராமத்து மக்களுக்கு அவர்களின் மொழியில் வானொலியில் சொல்லிக்கொடுத்தது. எழுத்து எட்டாத இடத்துக்கும் சத்தம் போய்ச் சேர்ந்தது.

*

இனி சவுண்ட் கார்டின் கதை.

ஆரம்பகால பீ.சீ.களுக்கு "பீப்" என்ற ஒரு சத்தம்தான் தெரியும். 1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து அட்லிப் கார்ட் வந்தது. அதில் இசை வந்தது. ஆனால் மனிதக் குரலைப் பதிவு செய்ய முடியாது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. இசையும் குரலும் ஒரே கார்டில் கிடைத்ததால் உலகமே அதன் பக்கம் சாய்ந்தது. ஓர் ஆசிய நாட்டின் சிறிய நிறுவனம் உலகத்துக்கே அளவுகோல் வைத்த காலம் அது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதற்குச் சத்தம் கிடையாது. அடுத்த வருடமே இன்னொரு பின்லாந்துக்காரரான ஹன்னு சவொலைனன் சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒரு டிரைவர் எழுதினார். டிரைவர் என்பது, கருவியின் மொழியை இயங்குதளத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் போன்ற சிறு மென்பொருள். அவருடைய வேலை பிறகு ஓ.எஸ்.எஸ் என்ற பெயரில் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் சவுண்ட் கார்ட் போடுவது பெரும்பாடு. கார்டில் உள்ள சிறு ஊசிகளை மாற்றி, எந்த முகவரி, எந்த இலக்கம் என்று கையால் குறிக்க வேண்டும். இன்னொரு கார்ட் அதே இலக்கத்தைப் பிடித்திருந்தால் இரண்டும் வேலை செய்யாது. சத்தம் வந்தாலும் வேறொரு சிக்கல் இருந்தது. பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டும்தான் சத்தம் போடலாம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வேறெதுவும் ஊமைதான்.

1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் பல சத்தங்களைக் கார்டுக்குள்ளேயே கலக்கும். 1999இல் கிரியேட்டிவ் நிறுவனம் அதற்கான லினக்ஸ் டிரைவரின் மூல நிரலையும் திறந்து வெளியிட்டது. அதனால் லினக்ஸ் பாவிப்போர் பல வருடங்கள் அந்தக் கார்டைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

அதே 1998இல் செக் நாட்டின் யாரொஸ்லாவ் கிசெலா அல்சா என்ற புதிய ஒலி அமைப்பைத் தொடங்கினார். அவர் முதலில் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரேயொரு கார்டுக்காக டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவர். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இல் அல்சாதான் பிரதான ஒலி அமைப்பாக அமைந்தது.

இதற்கிடையில் வன்பொருள் எதிர்த் திசையில் போனது. இன்டெல்லின் ஏ.சீ 97 தரமும், 2004இல் எச்.டி ஓடியோ தரமும் வந்தபின், சவுண்ட் கார்ட் மதர்போர்ட்டில் ஒட்டிய சிறிய சிப்பாகச் சுருங்கியது. விலை விழுந்தது. ஆனால் அந்த மலிவான சிப்புகளுக்குச் சத்தங்களைக் கலக்கத் தெரியாது. அந்த வேலையை மென்பொருள் ஏற்க வேண்டியிருந்தது. முதலில் அல்சாவுக்குள் ஒரு கலவை வசதி வந்தது. பிறகு பல்ஸ்ஓடியோ வந்து, 2007இல் பெடோரா 8இலும் 2008இல் உபுண்டு 8.04இலும் சேர்ந்தது. ஆரம்பத்தில் அது படுத்திய பாட்டை அன்று லினக்ஸ் பாவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2021இல் பெடோரா 34 அந்த இடத்தை பைப்வயருக்குக் கொடுத்தது. இன்று பல லினக்ஸ் வகைகளில் அதுதான் இயங்குகிறது.

இங்கே நிற்போம். ஒரு காலத்தில் விலை உயர்ந்த கார்ட் மட்டுமே செய்த கலவை வேலையை, பல நாட்டுக்காரர்கள் எழுதித் திறந்து வைத்த மென்பொருள் இன்று இலவசமாகச் செய்கிறது. சாதாரணப் பாவனைக்கு மலிவான கார்டே போதும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். மலிவுக்குப் பின்னால் யாரோ சிலரின் நீண்ட உழைப்பு இருக்கிறது.

*

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் எக்ஸ்-பை என்ற உயர்தரக் கார்ட் வந்தது. விண்டோஸில் அதற்கு நல்ல பெயர். லினக்ஸிலோ நிலைமை வேறு. டிரைவரின் மூல நிரல் 2008 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அது லினக்ஸின் மையத்தில் சேர 2009 ஆனது. பெரிய பணம் கொடுத்து வாங்கியவர் வருடக்கணக்கில் காத்திருக்க, சாதாரணக் கார்ட் வைத்திருந்தவர் நிம்மதியாகப் பாவித்தார்.

ஆகவே லினக்ஸுக்குச் சவுண்ட் கார்ட் தெரிவு செய்யும்போது விலைச் சீட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இது எல்லோருக்கும் பொதுவான தரத்தைப் பின்பற்றுகிறதா, அல்லது தன் சொந்த டிரைவர் இருந்தால்தான் பேசுமா?

அந்தப் பொதுத் தரம் இருக்கிறது. யூ.எஸ்.பி ஓடியோ வகுப்பு என்று 1998இல் முதல் பதிப்பும், 2006இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. இந்தத் தரத்தைப் பின்பற்றும் எந்தக் கருவியையும், அதன் கம்பனிப் பெயர் எதுவானாலும், லினக்ஸில் உள்ள ஒரே டிரைவர் புரிந்துகொள்ளும்.

*

இனி நடைமுறை.

ஒன்று. வாங்குவதற்கு முன் கார்ட் உண்மையிலேயே பழுதா என்று பாருங்கள். லினக்ஸில் மைக் அல்லது ஸ்பீக்கர் மியூட்டில் கிடப்பது மிகச் சாதாரணம். இன்னொன்று, போனுக்கான ஹெட்செட்டின் பின்னில் நான்கு வளையப் பகுதிகள் இருக்கும். பழைய கொம்பியூட்டரில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளைகள். அதை நேரே குத்தினால் மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் ஒன்று போதும்.

இரண்டு. கார்ட் பழுதுதான் என்றால், பென் டிரைவ் போன்ற சிறிய யூ.எஸ்.பி சவுண்ட் கார்ட் போதும். இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது சீ-மீடியா சிப். 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரை பதியும். ஒலித்தட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் என்பதை நினைத்தால் ஆசிரியரின் குரலுக்கு இது தாராளம். அதன் மைக் ஒற்றைத் தடம்தான். பேச்சுக்கு அதில் குறையில்லை. அந்த 44.1 தரத்தில் ஒரு நிமிடப் பேச்சு சுருக்காமலே சுமார் 5 எம்.பி இடம்தான் பிடிக்கும்.

மூன்று. பாடம் பதிவதுதான் நோக்கமென்றால் தனிக் கார்டுக்குப் பதிலாக யூ.எஸ்.பி மைக் வாங்குவது புத்தி. சவுண்ட் கார்ட் மைக்குக்குள்ளேயே இருக்கும். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் பெரிய ஸ்டூடியோ மைக் உள்ளவர்களுக்கு மட்டும் அதற்கான ஓடியோ இன்டர்பேஸ் தேவை.

நான்கு. பெட்டியில் "டிரைவர் தேவையில்லை" என்று இருந்தால் நல்ல அடையாளம். "இந்த டிரைவரை இறக்கினால்தான் வேலை செய்யும்" என்றால் விட்டுவிடுங்கள். பழைய பீ.சீ.ஐ கார்டுகளை மலிவு என்று வாங்க வேண்டாம். புதிய மதர்போர்ட்களில் அதற்கான இடமே இருக்காது. யூ.எஸ்.பி கருவி கொம்பியூட்டர் மாறினாலும் உங்களோடு வரும்.

ஐந்து. லினக்ஸ் உள்ள பென் டிரைவை எடுத்துப் போய், கடைக்காரர் அனுமதித்தால் அங்கேயே கொம்பியூட்டரை அதில் இயக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியதில்லை.

*

2022இல் டொலர் சுமார் 360 ரூபாவைத் தொட்டபோது, இறக்குமதிப் பொருளை நம்பி இருப்பதன் வலியை நாம் எல்லோரும் அனுபவித்தோம். இருப்பதைத் திருத்திப் பாவிப்பது அன்று கட்டாயமாக இருந்தது. அது ஒரு நல்ல பழக்கமாகவே தொடரட்டும். நமது கண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹந்தானை மலையின் பெயரில், இலங்கை ஆர்வலர்கள் பெடோராவை அடிப்படையாக வைத்து ஹந்தான லினக்ஸ் என்ற ஒன்றையே உருவாக்கினார்கள். நம்மாலும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வீட்டில் மூலையில் கிடக்கும் கொம்பியூட்டர், பாவிக்காத ஹெட்செட், யூ.எஸ்.பி மைக் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், பரிசோதித்துப் பார்ப்போம். வேலை செய்தால் தேவையுள்ள ஒரு பிள்ளைக்குப் போகும். வெளிநாட்டில் இருக்கும் நமது உறவுகள் உதவ விரும்பினால் புதிய லப்டொப் ஒன்றைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு வகுப்புக்கே ஹெட்செட்டும் சிறிய சவுண்ட் கார்டும் வாங்கலாம். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் வாங்குவதற்கு முன் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.