பரங்கிமலை: கல்லும் பெயரும்

குன்று, வரை, வெற்பு, பொருப்பு, ஓங்கல் என நிலத்தின் உயர்ச்சியைச் சுட்டத் தமிழில் சொற்கள் பல உள. உயரம் ஒன்றையே கருதினால் பரங்கிமலைக்குப் பொருந்துவது 'குன்று' என்னும் சொல்லேயாம். கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் சுமார் 300 அடிதான். எனினும் மக்கள் அதனை மலையென்றே வழங்கி வந்துள்ளனர். மயிலாப்பூர்க் கடற்கரையினின்று தென்மேற்கே செல்வோர்க்கு, நெய்தலும் மருதமுமாகத் தட்டையாய்க் கிடக்கும் நிலத்தில் கண்ணைத் தடுத்து நிறுத்தும் முதல் உயர்ச்சி சைதாப்பேட்டையிலுள்ள சின்னமலை, அடுத்தது பரங்கிமலை. அதற்கும் அப்பால் திரிசூலமும் பல்லாவரமும். அடையாற்றின் தென்கரையில் வரிசையாய் நிற்கும் இக்குன்றுகள் சென்னைக்கு முற்பட்டவை, மயிலாப்பூருக்கும் முற்பட்டவை, உயிர்கள் நிலத்தில் ஏறி வாழத் தொடங்கிய காலத்திற்கும் மிக மிக முற்பட்டவை.

இவற்றின் கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைமை உடையது என்பர் நிலவியலார். அது நிலப்பரப்பில் உருவான கல் அன்று. தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், எழுநூறு எண்ணூறு பாகை செல்சியசு வெப்பத்தில், பேரழுத்தத்தில் வெந்து இறுகியது. அவ்வெப்பத்தில் நீரின் கூறு கல்லினின்று பெரிதும் நீங்கிவிட்டது. நீரை உள்ளடக்கிய கனிமங்களுக்கு மாறாக ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதில் விளைந்தமைக்கு அவ்வறட்சியே காரணம். புதிதாய் உடைத்த துண்டைக் கையிலெடுத்தால் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும், கருமையில் இழையோடும் பச்சையும் நீலமும் தெரியும். மேலே மூடிக்கிடந்த பாறை முழுதும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் காற்றிலும் கரைந்து போனபின், அடியிலிருந்தது வெளியே தலைகாட்டியது. சுற்றியிருந்தது மண்ணாயிற்று, எளிதில் கரையாத பகுதி குன்றாய் எஞ்சிற்று. ஆகவே பரங்கிமலையை எழுந்த மலை என்பதினும் எஞ்சிய மலை என்பதே பொருந்தும்.

இக்கல்லுக்கு உலக நிலவியல் நூல்களில் வழங்கும் பெயர் 'சார்னோக்கைட்'. அப்பெயர் வந்த வரலாறு விந்தையானது. கல்கத்தாவில் 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை அமைத்த ஜாப் சார்னோக் என்பார் சில ஆண்டுகளில் அங்கேயே இறந்தார். வண்டல் மண்ணாலான வங்கத்தில் கல்லறைக்குக் கல் கிடைப்பது அரிது. எனவே சென்னைப் பக்கத்துக் கருங்கல் கப்பலேறி வடக்கே சென்று அவர்தம் கல்லறைப் பலகையாயிற்று. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடியில் உறங்குபவரின் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். 1900இல் அவர் எழுதிய விரிவான நூல் அப்பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. நார்வேயிலும் மடகாசுகரிலும் இலங்கையின் மலைநாட்டிலும் அண்டார்க்டிகாவிலும் இவ்வகைக் கல் உண்டு. எங்கு கிடைப்பினும் அதன் பெயர் சார்னோக்கைட்டே. அதற்கு முன்மாதிரி இடமாகக் கொள்ளப்படுவது பரங்கிமலைப் பகுதியே. தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களின் பட்டியலிலும் இம்மலை இடம்பெற்றுள்ளது.

கல் பிறந்த ஊரின் பெயர் கல்லுக்கு வரவில்லை. அதன் கீழ்ப் புதைந்தவர் பெயர் வந்தது. அந்தச் சார்னோக்கும் கல்கத்தாவின் நிறுவனர் அல்லர் என 2003இல் அந்நகரின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தா அவரை இறக்கி வைத்துவிட்டது. சென்னைக் கல்தான் இன்னமும் அவரைச் சுமந்து நிற்கிறது.

இனி மனிதர் வருகை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் பல்லாவரத்துப் படை அணிவகுப்புத் திடலருகே, செம்புரைக்கல் சரளை தோண்டிய பள்ளத்தில் கையடக்கமான கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்பதை அவர் கண் அறிந்துகொண்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் இருப்பை மெய்ப்பித்த முதற் சான்றுகளுள் அது தலையாயது. அத்தொல்மாந்தர் கோடரி செய்யக் கொண்டது இம்மலைக் கல்லையன்று. கூரிய சில்லாகப் பெயரும் குவார்ட்சைட் கல்லையே. கண்முன்னே குன்று குன்றாய்க் கிடந்ததை விடுத்து, சரளையிற் கிடந்த கூழாங்கல்லைப் பொறுக்கியெடுத்த அவர்களது கல்லறிவு வியக்கத்தக்கது.

இம்மலைக் கல்லோடு முதன்முதலில் முழுமையாகப் போராடியவர்கள் பல்லவர் காலத்துச் சிற்பிகள் எனலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்துக் குன்றில் குடைவித்த குகைக்கோயில் இன்றும் உள்ளது. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது இசுலாமியர் வழிபடும் தருகாவாயிற்று. அரசனின் பட்டங்கள் அத்தனையும் கல்லில் நிற்க, அத்தகைய வன்கல்லை உளியால் அரித்தவர் ஒருவரின் பெயரும் அங்கில்லை.

பரங்கிமலையை உலகம் அறியச் செய்தது தோமையார் மரபு. ஏசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமா சின்னமலைக் குகையில் தங்கினார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது அம்மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இப்பகுதியில் தோமாவின் கல்லறை இருந்ததையும் அதனைக் கிறித்தவரும் இசுலாமியரும் போற்றியதையும் குறிப்பிடுகிறார். ஆகவே போர்ச்சுகீசியர் இம்மரபைக் கொண்டுவந்து புகுத்தவில்லை. இருந்ததைக் கண்டு பற்றிக்கொண்டனர். 1523இல் அவர்கள் மலைமீது தேவாலயம் எழுப்பினர். 1547இல் அங்கே அடித்தளம் தோண்டுகையில் சிலுவை பொறித்த கற்பலகை ஒன்று கிடைத்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகள் இலத்தீனும் அல்ல, தமிழும் அல்ல; பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள். தென்னிந்தியத் தொல்லெழுத்தியலுக்கு வழிவகுத்தவராகத் தமிழ் ஆய்வாளர் நன்கறிந்த ஏ.சி. பர்னல் 1873இல் அதனை ஆராய்ந்து எழுதினார். பின்வந்தோர் வேறு வேறாகப் படித்தனர். வாசகம் பற்றிய கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. ஐயத்திற்கிடமின்றித் தெரிவது ஒன்றுண்டு. போர்ச்சுகீசியக் கப்பல் இக்கடலுக்கு வருமுன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இக்குன்றின்மேல் வழிபட்டிருந்தனர். கோட்டயத்துப் பழைய தேவாலயத்திலும் இதையொத்த சிலுவைகள் உள்ளன.

மலையின் பெயர் பற்றி ஈண்டுச் சிறிது கூறல் தகும். ஃபிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளில் 'ஃபரங்கி' எனத் திரிந்து, தமிழில் 'பறங்கி' ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து கடல்வழி வந்த காய் பறங்கிக்காய் ஆனதும் இவ்வழியே. அகராதிகள் இச்சொற்களை வல்லின றகரமிட்டே காட்டும். மலையின் பெயரிலோ இடையின ரகரம் நிலைத்துவிட்டது. மலையடியில் உள்ள நந்தீசுவரர் கோயில் தலபுராணமோ வேறொரு வழி கூறும்: பிருங்கி முனிவர் தவமியற்றியதால் பிருங்கிமலை, அதுவே பரங்கிமலை என மருவிற்று என்பது. சொல்லியல் நோக்கில் இதனை ஏற்பது கடினம். தன் ஊர்க் குன்று அயலார் பெயரால் வழங்குவதைப் பொறாத உள்ளம் ஒன்று அக்கதையுள் இருப்பதாகக் கொள்வது தவறாகாது. பழம்பெயர் தங்கிய குன்றும் அருகிலேயே உண்டு. இன்று திரிசூலம் எனப்படும் ஊர் சோழர் காலத்தில் திருச்சுரம். பாலையின் சொல்லாகிய 'சுரம்' இந்த வறண்ட பாறைச் சூழலுக்கு எத்துணைப் பொருத்தம் என்பதைச் சித்திரை வெயிலில் அவ்வழி நடந்தோர் அறிவர்.

மலைக்கு வழி அமைத்தவர் ஐரோப்பியர் அல்லர், ஆர்மீனிய வணிகர். பெட்ரஸ் உஸ்கான் என்பார் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்தார். பரங்கிமலையின் உச்சிக்குப் படிகளும் அமைப்பித்தார். அதற்கு முன் மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வழிபடச் செல்வோர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அப்பாலத்தை ஆங்கிலேயர் 'மார்மலாங்' என்றனர். மாம்பலம் என்பதன் சிதைவே அது. இன்று தியாகராய நகராய்க் கடைத்தெருவும் கூட்டமுமாய்க் கிடக்கும் நிலம் அந்நாளில் மாம்பலத்துச் சிற்றூரும் நீண்ட ஏரியுமாய் இருந்தது. நகராக வகுக்கப்பட்டது 1920களில்தான். பாலத்தின் நினைவாக நடப்பட்ட கல் ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளைத் தாங்கிச் சைதாப்பேட்டைச் சாலையோரம் நிற்கிறது. தமிழ்நாட்டு ஆற்றின்மீது கட்டப்பட்ட பாலத்தின் கல்லில் தமிழ் இல்லை.

போர்களும் இம்மலையைச் சூழ்ந்து நிகழ்ந்தன. 1759 பிப்ரவரியில் சென்னையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படையோடு ஆங்கிலேயர் இங்குப் பொருதபோது அவர்கள் பக்கம் நின்றவருள் மருதநாயகம் என்னும் யூசுப்கானும் ஒருவர். ஐந்தே ஆண்டுகளில் அதே ஆங்கிலேயர் அவரை மதுரையில் தூக்கிலிட்டனர். 1769இல் ஐதர் அலி மலைவரை வந்து கம்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். பின்னர் மலையடி படைவீடாயிற்று.

உலக வரலாற்றில் இம்மலைக்குரிய இடம் வாளால் வந்ததன்று, சங்கிலியால் வந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளக்கும் கருவி நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பெற்று, அங்கே ஏற்கப்படாமல் திரும்பி வந்தது அது. வெப்பத்தில் எஃகு நீளும். நீண்டால் கணக்குப் பிழைக்கும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன்வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அளந்தனர். சென்னையின் ஏப்ரலும் மே மாதமும் இத்தகைய நுண்பணிக்கு எத்தகைய பருவம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கோணம் அளக்கும் அரைடன் எடையுள்ள தியோடலைட்டோ, வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசு போய், அவர்களது பெருந்தன்மையால் சென்னை வந்து சேர்ந்தது. இந்த ஒரு கோட்டின்மீது முக்கோணம் முக்கோணமாய் அடுக்கியே இந்தியப் பெருமுக்கோண அளவாய்வு வடக்கே நடந்தது. லாம்ப்டன் 1823இல் பணியிடையே மராட்டிய நாட்டில் மாண்டார், எவரெஸ்டு தொடர்ந்தார், 1856இல் இமயத்தின் கொடுமுடி 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. உலகின் மிகவுயர்ந்த சிகரத்தை அளந்த கணக்கின் முதல் வரி முந்நூறு அடிக் குன்றின் நிழலில் எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் பெரும்பங்கு ஆற்றிய இராதாநாத் சிக்தாரின் பெயர் சிகரத்துக்கு வரவில்லை. எவரெஸ்டின் பெயர் வந்தது. கல்லுக்கு நேர்ந்ததே சிகரத்துக்கும் நேர்ந்தது.

அளந்தவர் ஒருபுறமிருக்க, உடைத்தவர் கதை வேறு. சென்னை வளர வளர இக்குன்றுகள் குறைந்தன. பல்லாவரத்து அம்மியும் ஆட்டுக்கல்லும் ஒரு காலம்; வீட்டுக் கான்கிரீட்டுக்கும் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் ஜல்லி என்பது அடுத்த காலம். உச்சியில் தேவாலயமும் அடியில் படைவீடும் இருந்தமையால் பரங்கிமலை பெரிதும் தப்பிற்று. திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளுக்கு அந்தக் காவல் இல்லை. வெடிவைத்துப் பிளந்த பாறை லாரியேறிப் போனபின், குன்று நின்ற இடத்தில் குளம் நின்றது. 2017இலும் 2019இலும் ஏரிகள் வறண்டு நகரம் தவித்தபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு வழங்கினர். நீர் நீங்கிப் பிறந்த கல், தான் அகன்ற பள்ளத்தில் நீரைத் தேக்கி நகருக்குக் கொடுத்தது.

பல்லாவரத்தின் பெயரைத் தமிழிலக்கிய வரலாற்றில் நிறுத்தியவர் மறைமலையடிகள். 1911 முதல் 1950இல் மறையும்வரை அவர் வாழ்ந்தது இக்குன்றுகளின் அடிவாரத்திலேயே. தனித்தமிழ் இயக்கம் 1916இல் அங்குதான் முளைத்தது. வேதாசலம் என்னும் தம் பெயரை அவர் மறைமலை என மாற்றிக்கொண்டதும் அப்போதே: வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. ஹாலந்தின் நூல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிகளின் வீட்டைச் சுற்றி நின்ற பாறைக்கு அறிவியல் உலகில் சார்னோக்கின் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. தெருவில் கல்லுடைப்போர் வாயில் அது கருங்கல்லாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

உஸ்கானின் பாலம் இருந்த இடத்தில் 1960களில் புதிய பாலம் எழுந்தது. அதற்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். சைதாப்பேட்டையிலிருந்து அதில் ஏறித் தெற்கே போனால் முதலில் சின்னமலை. பிறகு, கட்டடங்களுக்கு இடையே, பரங்கிமலை தெரியும்.