பக்கத்து நிலத்தில் நம்ம செப்டிக் டேங்க்: பழசை எடுத்துட்டு புதுசு கட்டலாமா? சட்டம் சொல்வது என்ன?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குப் பக்கத்தில், பாறையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயிலுக்குப் பேர்போன ஊர் சிங்கவரம். இதுபோன்ற கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அந்த டேங்க் நம் மனைக்குள்ளேயே இருந்தால் பிரச்சனை இல்லை. பக்கத்து மனையில் இருந்தால்?

டேங்க் பழசாகி, சுவர் விரிசல் விட்டு, கழிவுநீர் கசிய ஆரம்பிக்கும்போதுதான் சண்டை தொடங்கும். "என் நிலத்துல இனிமே தோண்டக் கூடாது" என்பார் நிலத்துக்காரர். "எங்க அப்பா காலத்துல இருந்து இங்கதானே இருக்கு" என்பார் வீட்டுக்காரர். இதில் யார் சொல்வது சரி?

*டேங்க் எப்படி அடுத்தவர் நிலத்துக்குப் போனது?*

பெரும்பாலும் பாகப்பிரிவினைதான் காரணம். ஒரே குடும்பமாக இருந்தபோது கொல்லையில் ஒரு டேங்க் கட்டியிருப்பார்கள். பிறகு வீடு அண்ணனுக்கு, கொல்லை தம்பிக்கு என்று பிரியும். பத்திரத்தில் நான்கு எல்லையும் இருக்கும், மண்ணுக்குள் இருக்கும் டேங்க் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பின்னாளில் தம்பி தன் பங்கை வெளியாருக்கு விற்றால், வாங்கியவருக்கு அது அடுத்தவர் வீட்டுக் கழிவு.

*எந்தச் சட்டம் பொருந்தும்?*

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அடுத்தவர் நிலத்தை, அதன் உரிமையாளராக இல்லாமலே, குறிப்பிட்ட ஒரு பயனுக்காகப் பயன்படுத்தும் உரிமைதான் வசதியுரிமை. வண்டிப்பாதை, வாய்க்கால், கழிவுநீர்க் குழாய் எல்லாம் இதில் வரும். இந்த உரிமை முக்கியமாக மூன்று வழிகளில் கிடைக்கும்.

1. எழுத்து மூலம்: பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ உரிமை கொடுத்திருந்தால் அதுவே பலமான ஆதாரம்.

2. பாகப்பிரிவினை மூலம்: கூட்டுச் சொத்து பிரியும்போது, ஒருவர் பங்கை அனுபவிக்க இன்னொருவர் பங்கின் மீது உரிமை அவசியம் என்றால், பிரிவு 13 அதை அங்கீகரிக்கிறது. ஆனால் 'இருந்தால் சௌகரியம்' என்பது போதாது, வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும், வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்துவந்த ஏற்பாடு என்றால் அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு கைகொடுக்கலாம். பத்திரத்தில் மாறாக எழுதியிருக்கக் கூடாது.

3. நீண்டகால அனுபவம் மூலம்: 20 ஆண்டுகள் இடையூறில்லாமல், அமைதியாக, வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் பயன்படுத்தியிருந்தால் பிரிவு 15 பொருந்தும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. "சரி, வச்சுக்கோங்க" என்று நிலத்துக்காரர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தால் அது உரிமை ஆகாது, வெறும் அனுமதிதான். பொதுவாக அதை அவர் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த அனுமதியை நம்பி செலவு செய்து நிரந்தரக் கட்டுமானம் எழுப்பியிருந்தால் ரத்து செய்ய முடியாது என்கிறது பிரிவு 60.

*உரிமை இருந்தா, புது டேங்க் கட்டிக்கலாமா?*

உரிமை உள்ளவர் அதை அனுபவிக்கத் தேவையான வேலைகளைச் செய்யலாம் என்கிறது பிரிவு 24. குழாயைச் சரிசெய்ய அடுத்தவர் நிலத்தில் இறங்கித் தோண்டலாம், ஆனால் முடிந்ததும் நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். செலவு முழுக்க உரிமை உள்ளவருடையது. நிலத்துக்காரருக்கு முடிந்தவரை தொந்தரவு குறைவான நேரத்தில் வேலையைச் செய்ய வேண்டும்.

நிலத்தின் மீது சுமை கூடக் கூடாது என்பதுதான் முக்கியம். ஒரு குடும்பத்துக்கு இருந்த டேங்கை எடுத்துவிட்டு, மாடியில் மூன்று வாடகை வீடு கட்டி, அத்தனைக்கும் சேர்த்துப் பெரிய டேங்க் கட்ட இந்த உரிமை இடம் தராது. அதே அளவில், அதே இடத்தில் மாற்றுவது வேறு, பெரிதாக்குவது வேறு.

*நிலத்துக்காரர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?*

அவர் பராமரிப்புக்குப் பணம் தர வேண்டியதில்லை. கசிவால் தன் கிணறோ சுவரோ பாதித்தால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் உரிமை இருக்கும்போது குழாயில் சிமென்ட் போட்டு அடைப்பது, டேங்கை மண் தள்ளி மூடுவது எல்லாம் கூடாது. அப்படிச் செய்தால் எதிர்த்தரப்பு சிவில் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை பெறவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

*சொந்த மனையில் இடம் இருந்தால்?*

மாற்றிக்கொள்வதே நல்லது. 'அவசியம்' என்ற அடிப்படையில் வந்த உரிமை, அந்த அவசியம் தீர்ந்ததும் முடிந்துவிடும் என்கிறது பிரிவு 41. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி டேங்கின் அகலம் குறைந்தது 75 செ.மீ., நீர் ஆழம் குறைந்தது 1 மீட்டர், கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர் இருக்க வேண்டும். அதாவது சின்ன மனையிலும் இடம் கண்டுபிடிக்க முடியும்.

டேங்கில் இருந்து வெளியேறும் நீரை வாங்கும் உறிஞ்சுகுழிக்குத்தான் இடம் அதிகம் வேண்டும். குடிநீர்க் கிணறு, போர்வெல்லில் இருந்து 18 மீட்டர், வீட்டில் இருந்து 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். செஞ்சி வட்டாரம் போன்ற பாறை நிலத்தில் கூடுதல் கவனம் தேவை. பாறை வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். அடிப்பகுதி பூசாத வெறும் சிமென்ட் உறைகளை இறக்கி 'டேங்க்' என்று சொல்வதும் இதே ஆபத்தைத்தான் தரும்.

செஞ்சிக் கோட்டை போன்ற, தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இந்த வட்டத்துக்குள் மனை இருந்தால் தோண்டுவதற்கு முன் அனுமதி தேவையா என்று விசாரித்துவிட வேண்டும்.

*பழைய டேங்கில் ஆளை இறக்கினால் ஜெயில்*

பழசை எடுக்கும்போது பலர் செய்யும் கொடுமையான தவறு, "கொஞ்சம்தானே இருக்கு" என்று ஆளை உள்ளே இறக்குவது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளில் மயக்கம் போட வைக்கும். காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து சாவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கழிவுநீர்ப் பணியில் உயிரிழப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

கழிவுநீர் லாரியை வைத்து முழுசாக உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு மூடியை உடைத்துக் காற்றோட விட்டு, வெளியில் நின்றபடியே தளத்தில் ஓட்டை போட்டு, மணலும் கல்லும் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும். வெற்றாக மூடி வைத்தால் பின்னாளில் மேலே நடக்கும் குழந்தையோ மாடோ உள்ளே விழும்.

*கோர்ட்டுக்குப் போகாம முடிக்க முடியுமா?*

முடியும். இரு தரப்பும் எழுத வேண்டியவை இவை: டேங்க், குழாய் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், யார் செலவு, எத்தனை நாளில் வேலை முடியும், சுத்தம் செய்ய எப்போது உள்ளே வரலாம், பழைய டேங்கை யார் மூடுவது. நிரந்தர உரிமை கொடுப்பதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். வெறும் வெள்ளைத்தாள் அடுத்த தலைமுறையில் நிற்காது.

பேச்சு முறிந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கான எண் 15100. லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. கசிவு தெருவுக்கே பரவிப் பொதுத்தொல்லை ஆனால் ஊராட்சியிலும் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம்.

பழைய வீடு வாங்குபவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கழிவறையில் வாளித் தண்ணீர் ஊற்றி, அது எந்தச் சேம்பருக்கு, யார் மனைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.