சிரட்டைக்கரியும் நச்சு வாயுவும்

வாழைச்சேனைப் பக்கம் சிரட்டைக்கு என்ன மரியாதை? அடுப்புக்குள்ள போகும், இல்லாட்டி குழியில மூடிச் சுட்ட கரியாகி அயன் பெட்டிக்குள்ள போகும். நாங்களும் அவ்வளவுதான் நினைச்சிருந்தோம். முதலாம் உலகப் போரைப் பற்றி வாசிக்கக்குள்ளதான் இந்தக் கரி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது.

1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படை குளோரீனைத் திறந்துவிட்டது. டிசம்பரில் பொஸ்ஜீன் வந்தது. இதைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகுதான் நுரையீரலில் நீர் கட்டும். முகமூடிக்குக் கரி தேவைப்பட்டது. நீராவியில் சூடாக்கி உயிர்ப்பூட்டிய கரியின் ஒரு கிராமுக்குள்ளே ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் பரப்பு இருக்கும். அமெரிக்கர்கள் சோதித்ததில் சிரட்டைக்கரிதான் முன்னுக்கு நின்றது. சிரட்டை போதாமல் 1918இல் பீச் பழக்கொட்டை சேர்க்கச் சொல்லிச் சனத்தைக் கேட்டார்கள். ஒரு முகமூடிக்கு 200 கொட்டை!

இதற்கிடையில் 1916இல் டைபொஸ்ஜீன் வந்துவிட்டது. பொஸ்ஜீன் 8 பாகையிலேயே கொதிக்கும், எறிகணைக்குள் அடைப்பது தொல்லை. டைபொஸ்ஜீனோ 128 பாகை வரைக்கும் திரவம். அது ஒரு எசுத்தர். கரியில் பட்டால் கரி ஊக்கியாக நின்று அதை உடைக்கும். ஒரு மூலக்கூறு இரண்டு பொஸ்ஜீனாகும். கலைப்பீடத்துக்காரரான எங்களுக்கு இது விளங்கவே ரெண்டு நாள் எடுத்தது. காப்பாற்ற வைத்த கரியே நஞ்சை உண்டாக்குது! ஆனால் அதே கரிதான் பொஸ்ஜீனைப் பிடித்துவைத்து, தன்னிலுள்ள ஈரத்தால் காபனீரொட்சைட்டாகவும் ஐதரோகுளோரிக் அமிலமாகவும் மாற்றும். பிரித்தானிய முகமூடிப் பெட்டிக்குள் கரியோடு சோடாச் சுண்ணாம்பும் இருந்தது. அமிலத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஐரோப்பியக் கதை எண்டு மூடிவைக்க ஏலாது. 1990 ஜூனில் கிழக்குக் கிரான் இராணுவ முகாம் மீதான தாக்குதலில் விடுதலைப் புலிகள் குளோரீனைப் பயன்படுத்தினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டதாகவும், வாயு புலிகளின் பக்கமே திரும்பி வந்ததாகவும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குளோரீன் எடுக்கப்பட்டது அருகிலிருந்த ஒரு கடதாசி ஆலையிலிருந்தாம். கிரானுக்குக் கிட்டக் கடதாசி ஆலை எண்டால் வேற எது? எங்கட ஊர் ஆலைதான். கடதாசி வெளுக்க வைத்திருந்த வாயு.

ஈப்பரை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய கிரானைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

குளோரீனையும் சிரட்டைக்கரி பிடிக்கும். அந்த ஜூனிலும் இந்த ஊர்களில் சிரட்டை அடுப்பில்தான் எரிந்துகொண்டிருந்திருக்கும்.