குறுந்தகடும் சட்டமும்

1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு, ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதித்து வைத்தது. ஒலிநாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். எண்களைப் பிழையின்றிப் படியெடுத்தாலோ மூலமும் படியும் ஒன்றே. 1990-களின் இறுதியில் தகடு எழுதும் கருவி வீட்டுக் கணிப்பொறியிலேயே அமைந்தது. பல தகடுகளின் பாடல்களைக் கணிப்பொறியில் ஏற்றி, வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து, புதிய தகடொன்றில் எழுதிக்கொள்ளலாயினர். நானும் எழுதியவன்தான், எந்தப் பாடலுக்குப்பின் எந்தப் பாடல் என்று முடிவு செய்வதற்குள் மாலைப்பொழுது கழிந்துவிடும்!

இந்த எளிய இன்பம் பிரிட்டனில் சட்டத்துக்குப் புறம்பாயிருந்தது என்றால் நம்புவீர்களா? விலை கொடுத்து வாங்கிய தகடாயினும், தமக்கெனப் படியெடுப்பது அங்கே பதிப்புரிமை மீறலே. ஜெர்மனி 1965-லேயே வேறு வழி கண்டிருந்தது: வீட்டில் படியெடுக்க இசைந்து, ஒலிப்பதிவுக் கருவிகள்மீது ஒரு கட்டணம் விதித்து, அதனைப் படைப்பாளர்க்குப் பகிர்ந்தளித்தது. பிரிட்டனோ 2014 அக்டோபரில், கட்டணம் ஏதுமின்றியே அனுமதி வழங்கிற்று. இசைவாணர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு என்பேன். படைத்தவர்க்குக் குறிப்பிடத்தக்க இழப்பு நேராது என்பதற்கு அரசு போதிய சான்று காட்டவில்லை என்று உயர்நீதிமன்றம் கண்டது. 2015 ஜூலையில் அவ்வனுமதியை நீக்கிற்று.