சமணர் எண்பாகுபாடும் விகிதமுறா எண்ணும்

காஞ்சிமாநகரின் தென்மேற்கே வேகவதியாற்றை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம், சினகாஞ்சி எனப் பெயர்பெற்ற சமணத் தலமாகும். அங்குள்ள வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகரத் தண்டநாயகன் இருகப்பன், தன் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி 1387-88இல் எடுப்பித்தான். அதன் விதானத்தில் பிற்காலத்தார் தீட்டிய ஓவியங்கள் தீர்த்தங்கரர் வரலாறுகளைக் காட்டுவன. அவ்வரலாறுகள் சமண நூற்பிரிவு நான்கனுள் பிரதமாநுயோகத்தின்பாற் படும். இத்தலத்தோடு தொடர்புடைய வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணமும் அவ்வகையினதே. உலகின் அளவையும் எண்ணின் வகையையும் கூறும் கரணாநுயோகமோ தமிழ் பயில்வாரின் நோக்கிற்கு அத்துணை வருவதில்லை.

அப்பிரிவு தொண்டை நாட்டிற்கு அயலானதன்று. சர்வநந்தியின் லோகவிபாகம், காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சகம் 380இல் (கி.பி. 458), பாடலிகையில் முடிக்கப்பெற்றதாக அந்நூலே கூறும். பாடலிகையைத் திருப்பாதிரிப்புலியூர் என்பர். இட மதிப்பும் சுழியும் ஆளப்பட்டமைக்குப் பழைய சான்றாக உலக வரலாற்றாசிரியர் சிலர் இந்நூலைக் காட்டுவர். எனினும் இன்று கிடைப்பது சிம்மசூரி பிற்காலத்தில் வடமொழியில் ஆக்கிய வடிவமே. ஆதலின் அதிலுள்ள எண்மொழி ஒவ்வொன்றையும் ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கொள்ளுதல் சாலாது.

இனி, சமணர் விகிதமுறா எண்ணை வகுத்தறிந்தனர் என்றும், கண்டர் கண்ட முடிவிலிகளை முன்னரே கண்டனர் என்றும் பெருமிதத்தோடு உரைப்பார் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. இக்காலக் கணிதம் முழுவெண்ணையும், இரு முழுவெண்களின் விகிதமாக எழுதத்தக்க விகிதமுறு எண்ணையும், அங்ஙனம் எழுதவொண்ணா விகிதமுறா எண்ணையும் மெய்யெண் என ஒருங்கு கொள்ளும். இங்குப் பாகுபாட்டிற்கு அடிப்படை, விகிதமாதலும் ஆகாமையுமே.

சமணர் பாகுபாட்டின் அடிப்படை வேறு. அவர் எண்ணைச் சங்கியாதம், அசங்கியாதம், அநந்தம் என மூன்றாக்குவர். முதலாவது கடை, இடை, தலை என மூன்றாம். ஏனைய இரண்டும் தனித்தனி மூன்று பிரிவும், ஒவ்வொரு பிரிவும் மீண்டும் அம்மூன்று நிலையும் உடையன. ஆக 21 வகை. ஒன்று என்பது எண்ணிக்கையுள் அடங்காது. இரண்டே கடைச் சங்கியாதம். (தமிழிலக்கணம் இரண்டு முதலாகப் பன்மை கொள்வதும், வடமொழி இருமையை வேறாக்குவதும் ஈண்டு நினைவிற்கு வருகின்றன, ஆயினும் இவற்றிடையே உறவு கற்பித்தல் எம் கருத்தன்று.)

தலைச் சங்கியாதத்தை அறிவிக்க அவர் கூறும் வழி வியப்புடையது. ஓரிலக்கம் யோசனை விட்டமும் ஆயிரம் யோசனை ஆழமும் உடைய குழியைக் கடுகால் குவிய நிரப்புக. அக்கடுகைத் தீவிற்கொன்றும் கடலிற்கொன்றுமாக இட்டுச் செல்க. கடுகு தீர்ந்த இடத்தின் அகலத்திற்கு மற்றொரு குழி தோண்டி நிரப்புக. குழி ஒருமுறை வெறுமையாகுந்தோறும் சலாகைக் குழியில் ஒரு கடுகு இடுக. அது நிறைந்தால் பிரதிசலாகைக்கு ஒன்று; அதுவும் நிறைந்தால் மகாசலாகைக்கு ஒன்று. யாவும் நிறைந்தபோது பெறும் எண்ணே அசங்கியாதத்தின் தொடக்கம். அதனின் ஒன்று குறைந்தது தலைச் சங்கியாதம்.

இதனை ஊன்றி நோக்கின் ஓருண்மை புலப்படும். முடிவுள்ள எண்ணோடு ஒன்று கூட்ட முடிவிலி பிறவாது. எனவே அசங்கியாதத்தின் தொடக்க எண், இக்காலப் பொருளில் முடிவுள்ள எண்ணேயாம். 1874இல் கண்டர் நிறுவியது, மெய்யெண்களை முழுவெண்களோடு ஒன்றுக்கொன்றாக இணைத்தல் இயலாது என்பது. சொல்லளவில் 'எண்ணிலடங்காமை' இரண்டிற்கும் பொது, பொருளளவில் அன்று. அளவிற்கு அப்பாலும் வகை உண்டு எனத் துணிந்து, முடிவிலியையும் ஒன்றெனக் கொள்ளாது பலவாக்கியதே சமணரின் தனிச்சிறப்பு. அதற்குக் கடன்பெற்ற புகழ் வேண்டா.

தமிழ் மரபிலும் ஒரு பாகுபாடு உண்டு. ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாயிலக்கம். ஒன்றிற் குறைந்தன கீழ்வாயிலக்கம். முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400. கீழ்வாயிலக்கம் எத்துணை நுணுகினும் விகிதமே.

விகிதமுறா எண்ணின் வாயிலுக்குச் சமணர் வந்தது சம்புத்தீவின் சுற்றளவைக் கணக்கிட்ட இடத்திலாம். விட்டம் ஓரிலக்கம் யோசனை. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தாற் பெருக்கி மூலங் காண்பது அவர் விதி. யதிவிருஷபரின் திலோயபண்ணத்தி முதலியவற்றில் வரும் விடை 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 தனுசு, 13½ அங்குலம், பின்னும் சிறிது மிகை. பரிதிக்கும் விட்டத்திற்கும் உள்ள உண்மை உறவு பத்தின் மூலமன்று. அதனாற் சுற்றளவு இரண்டாயிரம் யோசனைக்கு மேல் மிகுந்துவிட்டது. அது நிற்க. பத்தின் மூலமே கொண்டாலும் ஈற்றில் 13 அங்குலத்திற்குச் சற்றுக் குறையவே வரவேண்டும். 13½ வந்தது ஏன்? மூலத்தின் முழுப்பகுதி போக எஞ்சிய 4,84,471ஐ, அம்முழுப்பகுதியின் இருமடங்காகிய 6,32,454ஆல் வகுத்தமையே காரணம். இவ்வழி எப்போதும் சிறிது கூட்டியே காட்டும்.

'சிறிது மிகை' என்னும் சொல்லில் விகிதமுறாமையின் உணர்வு உண்டென்பார் கூற்றும் இதனால் தெளிவுபெறும். திலோயபண்ணத்தி அம்மிகையை விடாது பற்றி, அங்குலத்திற்குக் கீழ்ப்பட்ட நுண்ணளவைகள் எல்லாவற்றினும் இறக்கி, 23,213/1,05,409 என்னும் பின்னத்தில் நிறுத்துகின்றது. எஞ்சியது விகிதமே. அப்பின்னத்தின் கீழெண்ணும் புதியதன்று. 6,32,454இன் ஆறில் ஒன்று.