சொந்தச் சபைக்கு மறுத்த இருவர்

கடவுளின் பேரைச் சொல்லாமல் அமெரிக்காவில் யாரும் ஜனாதிபதி ஆவதில்லை. ஆனால் தம்முடைய சொந்தச் சபையாரே வந்து கேட்டபோது கையை விரித்தவர்கள் எத்தனை பேர்? எனக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் ஜான் கென்னடியும் ஜிம்மி கார்ட்டரும். முன்னவர் மாசசூசெட்ஸின் ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கர். பின்னவர் ஜார்ஜியாவில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரின் வேர்க்கடலை விவசாயி, பாப்டிஸ்ட். இருவரும் ஜனநாயகக் கட்சி. அதற்குமேல் இருவருக்கும் ஒற்றுமை குறைவு.

கென்னடிக்கு மதம் ஒரு தேர்தல் தலைவலி. 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் போட்டியிட்டு ஹெர்பர்ட் ஹூவரிடம் படுதோல்வி அடைந்திருந்தார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கத்தோலிக்கரை நிறுத்தினால் ஜெயிக்க முடியாது என்ற பாடத்தைத்தான் கட்சிக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். 1960 செப்டம்பரில் நார்மன் வின்சென்ட் பீல் முதலான புராட்டஸ்டன்ட் போதகர்கள் வாஷிங்டனில் கூடி, கத்தோலிக்க ஜனாதிபதி ரோமாபுரியின் நிர்ப்பந்தத்திலிருந்து தப்ப முடியுமா என்று வெளிப்படையாகவே சந்தேகம் எழுப்பினார்கள். அதே மாதம் 12ஆம் தேதி கென்னடி ஹூஸ்டன் நகரின் ரைஸ் ஹோட்டலுக்குப் போய், போதகர்கள் நிறைந்த சபையில் நேருக்கு நேர் பதில் சொன்னார்.

சர்ச்சும் அரசும் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும்; எந்த ஆயரும் ஜனாதிபதிக்கு உத்தரவிடக் கூடாது, எந்தப் போதகரும் தம் சபையாருக்கு ஓட்டுப் போடச் சொல்லித்தரக் கூடாது; சர்ச் நடத்தும் பள்ளிக்கு அரசுப் பணம் கூடாது. மனசாட்சிக்கும் தேச நலனுக்கும் மோதல் வந்தால் பதவியை விட்டு விலகுவேன் என்றும் சொன்னார். அப்போது அவருடைய திருச்சபையே இவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரத்தை ஏற்று அறிக்கை வெளியிட்டது 1965 டிசம்பரில். அதற்குள் கென்னடி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

மேடைப் பேச்சு யாருக்கும் வரும். சோதனை 1961இல் வந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் மத்திய அரசு நிதி தரும் மசோதாவைக் கென்னடி கொண்டுவந்தார், பொதுப்பள்ளிகளுக்கு மட்டும். எங்கள் பள்ளிகளுக்குக் கடனாகவாவது கொடுங்கள் என்றார்கள் கத்தோலிக்க ஆயர்கள். அவர் இணங்கவில்லை. பிரதிநிதிகள் சபையின் விதிக் குழுவில் மசோதா ஒரே ஓட்டில் முடங்கியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அவருடைய கட்சியின் கத்தோலிக்க உறுப்பினரான ஜேம்ஸ் டிலேனியும் ஒருவர். மறு ஆண்டு, பொதுப்பள்ளிகளில் அரசு எழுதிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நாடே கொதித்தபோது, வீட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஜெபம் செய்யலாமே என்ற தொனியில் கென்னடி பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதத்தையும் அரசையும் இப்படிப் பிரித்துவைத்தது கென்னடிக்குப் பெரிய மனவேதனையைத் தந்ததாகத் தெரியவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவார், அதோடு சரி. அவருடைய அரசியலைத் தோண்டினாலும் அடியில் வேதசாஸ்திரம் அகப்படாது.

கார்ட்டர் கதை வேறு. 1976இல் தான் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன் என்று ஊரறியச் சொன்னார். அது என்ன என்று பெருநகரப் பத்திரிகைக்காரர்கள் விசாரித்து அறிய வேண்டியிருந்தது. ஜனாதிபதியாக இருந்தபோதே வாஷிங்டன் பாப்டிஸ்ட் சர்ச்சில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்தார். 1978இல் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தை தொடங்கியபோது எகிப்து ஜனாதிபதி சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் சேர்த்துக்கொண்டு, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று உலகத்தாருக்குக் கூட்டறிக்கை விடுத்தார். ஆனால் நிக்சன் காலத்தில் வெள்ளை மாளிகையில் நடந்த ஞாயிறு ஆராதனைகளைக் கார்ட்டர் நடத்தவில்லை. பொதுப்பள்ளியில் ஜெபத்தைத் திணிப்பதையும் எதிர்த்தார்.

இந்தக் கொள்கையை அவர் சபைக்கு வெளியே போய்க் கடன் வாங்கவில்லை. சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே மதில் வேண்டும் என்று தாமஸ் ஜெஃபர்சன் 1802இல் எழுதிய புகழ்பெற்ற கடிதமே கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதியதுதான். அங்கே வேறொரு சபை அரசின் ஆதரவோடு கோலோச்ச, இவர்கள் சிறுபான்மையாக அல்லல்பட்டார்கள். கென்னடி தம் திருச்சபையின் பழைய போதனையை மீறி அந்த மதிலைக் காத்தார். கார்ட்டரோ தம் சபையின் பழைய போதனைப்படியே காத்தார்.

ஆனால் சபை அதற்குள் மாறிவிட்டிருந்தது. 1978இல் கார்ட்டர் அரசின் வருமானவரித் துறை, இனபேதம் பார்க்கவில்லை என்று நிரூபிக்காத தனியார் பள்ளிகளின் வரிவிலக்கை ரத்து செய்ய முனைந்தது. தென் மாநிலக் கிறிஸ்தவப் பள்ளிகள் கொதித்தெழுந்தன. 1979இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ வலதுசாரி அமைப்பைத் தொடங்கினார். 1980 தேர்தலில், ஞாயிறு பள்ளி வாத்தியாரை விட்டுவிட்டு, விவாகரத்தான ஹாலிவுட் நடிகர் ரீகனிடம் போனார்கள் வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் பெரும்பாலோர். கென்னடிக்கு ஒரு மசோதா போனது, கார்ட்டருக்கு ஆதரவாளர் கூட்டமே போனது. தேர்தல் தோற்றதற்குப் பணவீக்கமும் ஈரானில் பிடிபட்ட அமெரிக்கப் பணயக்கைதிகளின் விவகாரமும் பெரிய காரணங்கள்தான். ஆனாலும் இருவரில் அதிக விலை கொடுத்தவர் கார்ட்டர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவரும் ஓரிடத்தில் இடறினார். கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1973இல். கென்னடிக்கு அந்தச் சங்கடம் வரவேயில்லை. கார்ட்டருக்குத் தனிப்பட்ட முறையில் கருக்கலைப்பு ஒவ்வாதது. தீர்ப்பை மதிப்பேன் என்றார், மதிக்கவும் செய்தார். ஆனால் ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு மத்திய அரசு மருத்துவ நிதி தருவதைத் தடுக்கும் ஹைட் திருத்தத்தை ஆதரித்தார். பணக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பது ஏழைக்குக் கிடைக்காதே, இது நியாயமா என்று 1977இல் நிருபர்கள் கேட்டபோது, வாழ்க்கையில் நியாயமில்லாதவை பல உண்டு, நன்னெறி சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதைச் சமன்செய்ய அரசு முனையக் கூடாது என்ற பொருளில் பதில் சொன்னார். அது யாருடைய நன்னெறி என்று நிருபர்கள் அடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.